நெட் தேறியவர்கள் நேர்காணலில் ஏன் திரும்பி வருகிறார்கள்?

கேள்வி கேட்டவர் ஒரு மாவட்டத் தலைநகரில் அரசு கலை அறிவியல் கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லித்தருபவர். அவர் எழுதியதன் சுருக்கம் இது. அவருடைய மாணவர்களில் பெரும்பாலோர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள்; பட்டியல் சாதி, பழங்குடி, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்புகளைச் சேர்ந்தவர்கள். அண்மை ஆண்டுகளில் மூன்று பேர் சி.எஸ்.ஐ.ஆர். நெட் (ஆய்வு உதவித்தொகைக்கும் விரிவுரையாளர் தகுதிக்குமான தேசியத் தேர்வு) தேறி, உயிர்மருத்துவ பி.எச்டி. இடத்துக்காகப் பெங்களூரு, ஐதராபாத் என்று நேர்காணலுக்குப் போனார்கள். மூவருக்குமே இடம் கிடைக்கவில்லை. ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி வைத்தால் சரியாகுமா என்று கேட்கிறார்.

ஆங்கிலத்தைப் பற்றிக் கேட்டாலும், அவர் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். எழுத்துத் தேர்வு வரை இந்தப் பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு நேர்காணல் அறைக்குள் இவர்களிடம் எதைத் தேடுகிறார்கள், நாம் எதைக் கொடுத்து அனுப்பவில்லை? இதுதான் கேள்வி. நான் உயிர்வேதியியலில் பி.எச்டி. முடித்து, ஆய்வகத்திலும் வகுப்பிலுமாக இருபது வருடங்களுக்கு மேல் இருப்பவன். நேர்காணல் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். எம்.எஸ்சி. வழியாக வருகிறவர்களைப் பற்றித்தான் என்னால் பேச முடியும். எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு ஆய்வுப் பக்கம் வருகிறவர்களின் பாதை வேறு. அதில் எனக்கு அனுபவம் இல்லை.

அறைக்குள் நடப்பதை முதலில் சொல்கிறேன். நான்கைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். 'உனக்குப் பிடித்த பகுதி எது?' என்று ஆரம்பிப்பார்கள். இம்யூனாலஜி (நோயெதிர்ப்பியல்) என்று சொன்னால், எலைசா (ஆன்டிபாடியை வைத்து ஒரு பொருளைக் கண்டறியும் சோதனை) செய்திருக்கிறாயா என்று கேட்பார்கள். செய்திருக்கிறேன் என்றதும் எலைசாவின் விளக்கத்தை யாரும் கேட்கமாட்டார்கள். தட்டில் பி.எஸ்.ஏ. புரதம் எதற்கு ஊற்றினாய், ஊற்றாவிட்டால் எந்தக் கிணற்றில் (தட்டிலுள்ள குழியில்) நிறம் வரும், முதல் ஆன்டிபாடியைப் போடாமல் இரண்டாவதை மட்டும் போட்ட கிணறு ஒன்று வைத்தாயா, அதில் நிறம் வந்திருந்தால் என்ன முடிவுக்கு வந்திருப்பாய் என்று போகும். பிசிஆர் (டி.என்.ஏ.வைப் பெருக்கும் முறை) என்றால், டி.என்.ஏ. போடாத குழாயிலும் பேண்டு (டி.என்.ஏ. இருப்பதைக் காட்டும் பட்டை) வந்தது, இப்போது என்ன செய்வாய் என்பார்கள். நம் பிள்ளைகள் இந்த இடத்தில் மௌனமாகிவிடுகிறார்கள், அல்லது மனப்பாடம் செய்த விளக்கத்தை மறுபடி சொல்கிறார்கள். பார்ப்பவருக்கு இது ஆங்கிலத் தடுமாற்றம் போலத் தெரியும். அதே கேள்வியைத் தமிழில் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அதே மௌனம்தான் வரும். கல்லூரியில் எலைசா என்பது, ஆசிரியர் செய்ய முப்பது பேர் சுற்றி நின்று பார்த்த விஷயம். தப்பாகப் போன சோதனை ஒன்று அவர்கள் கையில் இருந்ததே இல்லை.

எம்.எஸ்சி. புராஜெக்ட்டில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். உங்களுக்கும் தெரிந்த நடைமுறைதான்: சென்னையிலோ கோவையிலோ ஒரு தனியார் லேபுக்குப் பணம் கட்டி, சில வாரங்கள் இருந்துவிட்டு, பைண்ட் செய்த அறிக்கையோடு வருவது. தலைப்பு பத்தில் ஏழு தடவை ஏதாவது ஒரு மூலிகை இலையின் மெத்தனால் சாறு, அகார் தட்டில் அதன் பாக்டீரிய எதிர்ப்பு. இதைப் பார்த்ததும் நேர்காணல் குழுவில் சிலர் உதட்டைச் சுழிப்பார்கள். அது நியாயமில்லை என்பது என் கட்சி. தலைப்பு எளிமையாக இருப்பது குற்றமில்லை. ஆனால் அவர்கள் கேட்கும் கேள்வி நியாயமானது: 'வட்டம் பெரிதாக வந்தால் சாறு வீரியம் கூடியது என்று எப்படிச் சொல்கிறாய்?' வட்டம் என்பது சாற்றைச் சுற்றிப் பாக்டீரியா வளராத பகுதி. அகாரில் பொருள் பரவும் வேகத்தையும் பொறுத்துத்தான் அதன் அளவு இருக்கும். சிறிய மூலக்கூறு வேகமாகப் பரவும், பெரியது தயங்கும். சாற்றைக் கரைத்த டி.எம்.எஸ்.ஓ.வை மட்டும் ஊற்றிய குழி ஒன்று இருந்ததா? எம்.ஐ.சி. (வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவு) பார்த்தாயா? எத்தனை தடவை திரும்பச் செய்தாய்? இந்த நான்கு கேள்விக்கும் தெளிவாகப் பதில் சொல்லும் பெண்ணுக்கு, வேப்பிலைச் சாறு புராஜெக்ட்டோடு போனாலும் இடம் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஐம்பதாயிரம் கட்டி 'மூலக்கூறு டாக்கிங்' (ஒரு மூலக்கூறு புரதத்தோடு எப்படிப் பொருந்தும் என்று கணினியில் பார்ப்பது) என்று தலைப்பு வைத்துக்கொண்டு போய், அந்த மென்பொருள் கொடுத்த எண்ணுக்கு என்ன பொருள் என்று தெரியாமல் நிற்பவனுக்குக் கிடைக்காது.

அதனால் உங்கள் துறையில் இன்று இருப்பதை வைத்தே தொடங்கலாம். ஆட்டோகிளேவ், இன்குபேட்டர், ஒரு சாதாரண ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர், ஆய்வகத்துக்கென்றே உள்ள பாதுகாப்பான ஈ. கோலை பாக்டீரியா ரகம். இவை போதும். பாக்டீரியா நேரத்தோடு பெருகுவதைக் காட்டும் வளர்ச்சிக் கோடு எல்லாரும் போடுவதுதான், ரெக்கார்டில் ஒரு படமாக ஒட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அதையே ஒரு ஆய்வாக்குங்கள். ஓ.டி. (திரவத்தின் கலங்கல் அளவு) 0.5 வாக்கைத் தாண்டினால் கருவி காட்டும் எண் நேர்கோட்டிலிருந்து விலகத் தொடங்கும். எந்த இடத்தில் விலகுகிறது என்பது கருவிக்குக் கருவி மாறும். உங்கள் கருவியில் எங்கே என்று மாணவர்களே நீர்த்துப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும். ஒரே நேரத்தில் தட்டில் பரப்பிக் காலனியும் எண்ணட்டும். ஓ.டி.யில் செத்த செல்லும் சேர்ந்துவிடும், தட்டில் உயிருள்ளது மட்டுமே முளைக்கும். இரண்டு கோடும் எங்கே பிரிகின்றன, ஏன்? அப்புறம் மிகக் குறைந்த அளவு ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாடிக் சேர்த்துப் பாருங்கள். சில அளவுகளில் செல்கள் பிரியாமல் நூல் மாதிரி நீளும், ஓ.டி. ஏறும், காலனி எண்ணிக்கை ஏறாது. கிராம் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கண்ணாலேயே தெரியும். இதற்கு ஆகும் செலவு மீடியாவுக்கும் தட்டுகளுக்கும்தான். ஆனால் ஒரு கணிப்பு, அதைச் சோதிக்க ஒரு வழி, கன்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை), எதிர்பாராத முடிவு, அதற்கு ஒரு விளக்கம் என்று ஆய்வின் எல்லா உறுப்பும் இதில் இருக்கிறது. இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி.யிலேயே இதைத் தொடங்கிவிடுங்கள். எம்.எஸ்சி. கடைசிப் பருவத்தில் ஆரம்பித்தால் நேரம் போதாது. இந்தப் பதிலில் நீங்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்துக்கு வருகிறேன். அது ஒரு பொருட்டே இல்லை என்று சொல்லமாட்டேன். நெட் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது, பேப்பர்கள் எல்லாம் ஆங்கிலம். ஆனால் 'மை ஹாபி இஸ்' என்று கற்றுத்தரும் பேச்சுப் பயிற்சி வகுப்புக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். வாரம் ஒருநாள், ஒரு மணி நேரம், ஒரு பேப்பரிலிருந்து ஒரே ஒரு படத்தை எடுங்கள். முழுப் பேப்பரும் வேண்டாம். எக்ஸ் அச்சில் என்ன, ஒய் அச்சில் என்ன, ஒவ்வொரு தூணும் எந்தக் கூட்டம், கன்ட்ரோல் எது, இந்தப் படம் இல்லாமல் போனால் ஆசிரியர்களின் எந்தக் கூற்று விழுந்துவிடும் என்று ஒரு மாணவர் கரும்பலகையில் வரைந்து சொல்லட்டும். முதல் தடவை தமிழில், மறுவாரம் அதே படத்தை ஆங்கிலத்தில். பொருள் பிடிபட்ட பிறகு ஆங்கிலம் சில மாதங்களில் வழிக்கு வந்துவிடுவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். நேர்காணலில் 'போர்டில் வரைந்து காட்டட்டுமா?' என்று கேட்கச் சொல்லிக்கொடுங்கள். வரையத் தொடங்கியதும் பாதி பயம் போய்விடும், குழுவும் படத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

தேர்வுகளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் பிள்ளைகள் அதில் தேறித்தானே இருக்கிறார்கள். ஒன்று மட்டும். நெட் உயிரியல் தாளில் மொத்தம் 200 மதிப்பெண். அதில் பாதி சி பகுதிக்கு. 75 கேள்விகளில் 25க்கு விடை எழுதினால் போதும். அந்தக் கேள்விகள் பெரும்பாலும் ஒரு சோதனையை விவரித்து முடிவைக் கேட்பவை. மேலே சொன்ன படம் வாசிக்கும் பழக்கம் அதற்கும் உதவும். நெட்டோடு நின்றுவிடாமல், டி.ஐ.எஃப்.ஆர். (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்) நடத்தும் ஜே.ஜி.ஈ.ஈ.பில்ஸ், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் பெட், கேட் தேர்வில் எக்ஸ்.எல். (உயிர் அறிவியல்) அல்லது பி.டி. (உயிரித் தொழில்நுட்பம்) தாள் ஆகியவற்றையும் எழுதச் சொல்லுங்கள். எந்த நிறுவனம் எந்தத் தேர்வை ஏற்கிறது என்பது ஆண்டுக்காண்டு மாறுவதால், அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

கோடைக்கால ஆய்வு வாய்ப்பை நம் பக்கத்துக் கல்லூரிகள் அநேகமாகத் தவறவிடுகின்றன. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜில் உள்ள மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து ஆண்டுதோறும் நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகைத் திட்டம் ஒன்று இருக்கிறது. இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில், உதவித்தொகையோடு. விண்ணப்பம் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே முடிந்துவிடும். நம் பிள்ளைகளுக்கு அதைப் பற்றித் தெரியவரும்போது மார்ச் ஆகியிருக்கும். அதில் மாணவர் எழுதும் ஒரு குறிப்பும், ஆசிரியர் எழுதும் பரிந்துரைக் கடிதமும் கேட்பார்கள். குறிப்பை இணையத்திலிருந்து வெட்டி ஒட்டினால் உடனே தெரிந்துவிடும். வளர்ச்சிக் கோட்டில் தான் கண்ட ஒரு குழப்பத்தை எளிய ஆங்கிலத்தில் எழுதினால் போதும்.

பரிந்துரைக் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில், உயிர்மருத்துவ பி.எச்டி.யில் சேர்ந்த மாணவர்களின் விண்ணப்பங்களைப் பின்னோக்கிப் பார்த்து 2017ல் ஒரு ஆய்வு வந்தது. பிற்பாடு யார் முதல் ஆசிரியராகப் பேப்பர் எழுதினார்கள் என்பதை ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோ கல்லூரி மதிப்பெண்ணோ காட்டிக்கொடுக்கவில்லை. பரிந்துரைக் கடிதங்களுக்குக் கொடுக்கப்பட்ட தரம்தான் ஓரளவு காட்டியது. ஒரு எச்சரிக்கை: அவர்கள் பார்த்தது ஏற்கெனவே தேர்வாகி உள்ளே வந்தவர்களை மட்டும். இடம் கிடைக்காமல் போனவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. ஆகையால் மதிப்பெண்ணால் ஒன்றும் இல்லை என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. ஆனாலும் கடிதத்துக்கு எடை உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நாம் எழுதும் கடிதங்களோ 'ஒழுக்கமான, கடின உழைப்பாளியான மாணவி, வாழ்வில் எல்லா வெற்றியும் பெற வாழ்த்துகிறேன்' என்ற அச்சில் இருக்கின்றன. படிப்பவருக்கு அதில் ஒன்றுமே கிடைக்காது. 'மூன்றாவது முறையும் கன்ட்ரோல் தட்டில் காலனி வந்தபோது, மீடியா, தண்ணீர், லூப் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, அசுத்தம் தண்ணீரிலிருந்து வருகிறது என்று அவளே கண்டுபிடித்தாள்' என்று எழுதுங்கள். உங்கள் கல்லூரியின் பெயர் அவருக்குத் தெரியாவிட்டாலும், இந்த வாக்கியத்தை எழுதுபவர் மாணவியை அருகிலிருந்து பார்த்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும். அப்படி எழுத வேண்டுமானால் அப்படி ஒரு சோதனை நடந்திருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

பின்தங்கிய சமூகங்களிலிருந்து வருகிறவர்களை ஆய்வுப் படிப்புக்குத் தயார்செய்வதில் உலகில் அதிகம் ஆராயப்பட்ட முயற்சிகளில் ஒன்று மேயர்ஹாஃப் திட்டம். மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் 1988ல், ராபர்ட், ஜேன் மேயர்ஹாஃப் தம்பதியின் நன்கொடையில், பின்னாளில் அதன் தலைவரான ஃப்ரீமன் ஹ்ரபோவ்ஸ்கி தொடங்கியது. முதலில் கருப்பின ஆண் மாணவர்களுக்கு, பிறகு பெண்களுக்கும் மற்றவர்களுக்கும். மாடர்னா கோவிட் தடுப்பூசிக்கு அடிப்படையான ஆய்வில் முக்கியப் பங்கு வகித்த கிஸ்மெக்கியா கார்பெட் இதில் படித்தவர்தான். அங்கே என்னைக் கவர்ந்தது, அதைக் 'குறை தீர்க்கும் வகுப்பாக' அவர்கள் நடத்தாததுதான். 'உங்களுக்கு வராது, அதனால் கூடுதல் வகுப்பு' என்ற பேச்சே கிடையாது. உயர்ந்த மதிப்பெண் எதிர்பார்ப்பு, கூட்டமாகப் படிப்பது, கல்லூரி தொடங்கும் முன்பே ஒரு கோடைக்காலத் தயாரிப்பு, சீக்கிரமே ஆய்வகம். அழைப்பு வந்தும் வேறு கல்லூரிக்குப் போய்விட்டவர்களோடு ஒப்பிட்டபோது, இதில் சேர்ந்தவர்கள் அறிவியல் பி.எச்டி.க்குப் போவது சுமார் ஐந்து மடங்கு என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள். வேண்டாம் என்று போனவர்களின் விருப்பமே முதலில் வேறாக இருந்திருக்கலாம், அதனால் அந்த ஐந்தை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் பென் ஸ்டேட், சேப்பல் ஹில் பல்கலைக்கழக வளாகங்களில் இதே மாதிரியை 2013லிருந்து நடத்தி, அங்கும் நல்ல பலன் கண்டதாக 2019ல் எழுதினார்கள். முறை வேலை செய்கிறது என்பதை நம்பலாம். அதில் எந்த அம்சம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைப் பிரித்துச் சொல்வது கடினம். எல்லாம் ஒன்றாகக் கலந்துதான் நடக்கிறது.

அங்கிருந்து நாம் காசில்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடியது கூட்டம். ஒற்றை மாணவரைப் பொறுக்கி எடுத்து 'நீதான் நம் கல்லூரியின் நம்பிக்கை' என்று ஏற்றிவிட வேண்டாம். ஆறு பேர், எட்டு பேர் சேர்ந்து இருக்கட்டும், மூத்தவர் இளையவருக்குச் சொல்லித்தரட்டும், முடிந்தால் இரண்டு பேராக ஒரே ஊருக்குப் போகட்டும். இன்னொன்று: அமெரிக்க அரசுப் பணத்தில் நடந்துவந்த இவ்வகை உதவித் திட்டங்கள் அந்த நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும்தான். இணையத்தில் அவற்றைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைகள் விண்ணப்பம் தயார்செய்வதைப் பார்த்திருக்கிறேன். வீண் வேலை.

பட்டம் முடித்தவரை ஒரு வருடம் சம்பளத்தோடு ஆய்வகத்தில் வைத்துத் தயார்செய்வது அங்கே ஒரு நல்ல ஏற்பாடு. நம்மிடம் அதற்கு அப்படிப் பெயர் இல்லையே தவிர, விஷயம் இருக்கிறது. புராஜெக்ட் அசிஸ்டென்ட் வேலைதான் அது. சென்னை சேத்துப்பட்டில் 1956லிருந்து இயங்கும் காசநோய் ஆய்வு நிறுவனம், புதுச்சேரியில் கொசு போன்ற நோய்பரப்பிகளை ஆராயும் வி.சி.ஆர்.சி., வேலூர் சி.எம்.சி., ஐ.ஐ.டி. என்று பல இடங்களில் ஆராய்ச்சித் திட்டங்களுக்கு ஆள் எடுப்பார்கள். பல சமயம் நேரடி நேர்காணல்தான். ஒரு வருடம் உள்ளே இருந்தவர் மறுவருடம் பி.எச்டி. நேர்காணலுக்குப் போகும்போது ஆளே மாறியிருப்பார். உங்கள் மூவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரு கவனம்: போகும் ஆய்வகத்தில் மாதிரி வாங்கி வருவதும் பில் எழுதுவதும் மட்டுமே வேலையா, சோதனை செய்ய விடுகிறார்களா என்று அங்கே ஏற்கெனவே இருப்பவரிடம் கேட்டுவிட்டுச் சேரட்டும்.

பணத்தையும் வீட்டையும் பற்றி. ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. இரண்டு வருடத்துக்குப் பிறகு 42,000. இந்த எண்ணைப் பெற்றோருக்கு நேரில் சொல்லுங்கள். 'இன்னும் அஞ்சு வருஷம் படிப்பா' என்று தலையில் கைவைக்கும் அப்பாவுக்கு, இது சம்பளம் மாதிரிதான் என்பது யாராவது சொன்னால்தான் தெரியும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட இந்த ஒரு தகவல் உதவியிருக்கிறது. ஆனால் உதவித்தொகை வந்து சேர மாதக்கணக்கில் தாமதமாவதும் உண்டு. முதல் சில மாதத்துக்குக் கையில் கொஞ்சம் இருக்க வேண்டும். கடன் வாங்கிப் போனவர்கள்தான் பாதியில் திரும்புகிறார்கள்.

கடைசியாக, கேள்வியில் நீங்கள் தொடாத ஒன்று. மூவரும் திரும்பியதற்கு முழுக் காரணமும் அவர்களிடமே இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று விசாரித்த, பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட் தலைமையிலான குழு 2007ல் அறிக்கை கொடுத்தது. அதில் வந்தது வெறும் மனத்தாங்கல்கள் இல்லை. வகுப்பில், தேர்வில், விடுதியில் நடந்த பாகுபாடு. உங்கள் மூவருக்கு எது நடந்தது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் போகும் பிள்ளைகளிடம் இதைப் பேசாமல் அனுப்புவது சரியில்லை. ஒதுக்கீட்டு இடத்தில் விண்ணப்பிக்கக் கூச்சப்பட்டுப் பொதுப் பிரிவில் போடுபவர்கள் இருக்கிறார்கள். அது அவர்களுக்கு உரிய இடம், தயங்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். சாதிச் சான்றிதழ் மத்திய அரசு கேட்கும் படிவத்தில் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். சேர்ந்த பின் எஸ்.சி., எஸ்.டி. பிரிவு அலுவலகம் எங்கே, அதன் பொறுப்பாளர் யார் என்று தெரிந்துவைத்திருக்கட்டும். கைடைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய பேப்பர் எண்ணிக்கையைவிட, அவரிடம் சேர்ந்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், பாதியில் விட்டவர்கள் யார், ஏன் விட்டார்கள் என்பதை அங்குள்ள மாணவர்களிடம் தனியாக விசாரிக்கட்டும்.

மூவரில் யாராவது ஜே.ஆர்.எஃப். விருதுக் கடிதம் வைத்திருந்தால், அது எதுவரை செல்லும் என்ற தேதியை இன்றே பாருங்கள். மிச்சக் காலம் குறைவாக இருந்தால் பெங்களூரு, ஐதராபாத் என்று காத்திருக்காமல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகம், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் புலம் போன்ற இடங்களிலும் நல்ல கைடுகளுக்கு எழுதச் சொல்லுங்கள். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். 'ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டட் இன் யுவர் எஸ்டீம்டு லேப்' என்று ஐம்பது பேருக்கு ஒரே கடிதம் அனுப்பினால் யாரும் பதில் போடமாட்டார்கள். அந்தக் கைடின் ஒரு பேப்பரைப் படித்து, அதில் ஒரு படத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டு, ஐந்து பேருக்கு மட்டும் எழுதட்டும்.